புயல் ஏற்காடு ஏறுமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் அமெரிக்காவின் டொர்னாடோக்களை, அதாவது இடிமேகத்திலிருந்து தரைவரை புனல் மாதிரிச் சுழன்றடிக்கும் காற்றைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் "அது இருக்கட்டும், நம்ம ஊருக்கு என்ன?" என்று கேட்டு வந்தவை. நியாயமான கேள்வி. அதனால் இந்த முறை மற்றவற்றைத் தள்ளிவைத்துவிட்டு, காற்று, மழை, புயல் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: சேலத்துக்கும் கடலுக்கும் இவ்வளவு தூரம் இருக்கிறது. ஆனால் டிவியில் புயல் என்று சொன்னாலே என் மாமியார் ஜன்னலையெல்லாம் சாத்தச் சொல்கிறார். நாம் பயப்பட வேண்டுமா?
– வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: காற்றுக்கு அவ்வளவு பயம் வேண்டாம். தண்ணீருக்குப் பயம் வேண்டும்.

புதுச்சேரி கரையிலிருந்து சேலம் நேர்க்கோட்டில் சுமார் 180 கி.மீ. புயலுக்குத் தீனி கடலின் சூடு. கடல்நீர் ஏறக்குறைய 26.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தால்தான் அது வளரும். தரையேறியதும் அந்தத் தீனி நின்றுபோகும், மேடும் மரமும் கட்டடமும் காற்றை உரசி உரசி வேகத்தைக் குறைத்துவிடும். அதனால் கடலூரில் கூரையைப் பிய்த்த காற்று ஆத்தூர் வருவதற்குள் பெரும்பாலும் அடங்கியிருக்கும். பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன், ஏனென்றால் 2018 நவம்பர் 16-ல் வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா, திண்டுக்கல், கொடைக்கானல் பக்கம் வரை மரங்களைச் சாய்த்துக்கொண்டே போய், கேரளத்தைத் தாண்டி அரபிக் கடலில் இறங்கியது.

ஆனால் காற்று அடங்கினாலும் மேகத்தில் இருக்கிற ஈரம் எங்கும் போய்விடுவதில்லை. 2024 ஃபெஞ்சல் புயலை எடுத்துக்கொள்ளுங்கள். காற்று வேகத்தை மட்டும் பார்த்தால் அது சாதாரணப் புயல்தான், தானே, வர்தா, கஜா எல்லாம் அதைவிடப் பலசாலிகள். நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது, அப்புறம் நகராமல் பல மணி நேரம் அங்கேயே நின்றது, பிறகு மெதுவாக உள்ளே வந்தது. அது வலுவிழந்த பிறகுதான், டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில், ஊத்தங்கரையில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. கடலோரத்திலேயே அபூர்வமான அளவு அது, கடலே பார்க்காத ஊரில் பெய்தது. ஏற்காட்டில் 20 செ.மீ.க்கு மேல் பெய்து மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. திருவண்ணாமலையில் மலைச்சரிவில் 7 பேர் மண்ணுக்குள் புதைந்து இறந்தார்கள்.

டிவியில் 'புயல் வலுவிழந்தது' என்றதும் நிம்மதியாக எழுந்து போய்விடுகிறோம். சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் உட்கார்ந்து கேட்க வேண்டிய செய்தி அதற்குப் பிறகுதான் வருகிறது. உங்கள் மாமியார் ஜன்னலைச் சாத்தட்டும், தப்பில்லை. கூடவே திருமணிமுத்தாற்றை ஒட்டியோ ஓடை ஓரத்திலோ உங்கள் வீடு இருந்தால், தண்ணீர் எந்தப் பக்கம் வரும், எந்தத் தெரு மேடு என்பதை வெயில் காலத்திலேயே பார்த்து வையுங்கள்.

கேள்வி: எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகக் காப்பித் தோட்டம். 2024-ல் ரோட்டில் மண் சரிந்த மாதிரி முன்பு பார்த்ததில்லை என்கிறார் அப்பா. இது உண்மையிலேயே புதிதா, அல்லது முன்பு நடந்து மறந்துவிட்டோமா?
– வாசகர், நாகலூர், ஏற்காடு

பதில்: வந்த கேள்விகளில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். கொஞ்சம் சுற்றி வந்து பதில் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தின் மேற்குப் பகுதி முழுக்க மலை. ஆஷ்வில் என்று ஒரு ஊர், கடலிலிருந்து பல நூறு கி.மீ. தள்ளி இருக்கிறது, குளுமைக்காக மக்கள் தேடிப் போகிற இடம். ஹரிக்கேன் (நம் புயலுக்கு அங்கே அதுதான் பெயர்) என்பது ஃபுளோரிடாக்காரர்களின் கவலை, நமக்கில்லை என்று அங்கே பலர் நினைத்திருந்தார்கள். 2024 செப்டம்பர் 26 இரவு ஹெலீன் என்கிற ஹரிக்கேன் ஃபுளோரிடாவில் கரையேறி, வலுவிழந்து, வடக்கே போய் அந்த மலையில் முட்டியது. சில இடங்களில் மூன்று நாளில் 70 செ.மீ.க்கு மேல் மழை. நூற்றுக்கணக்கான இடங்களில் மலை சரிந்தது, சாலைகளே இல்லாமல் போயின, அந்த ஒரு மாநிலத்தில் மட்டும் 100 பேருக்கு மேல் இறந்தார்கள். எல்லோரும் "இப்படி நடந்ததே இல்லை" என்றார்கள். நடந்திருக்கிறது. 1916 ஜூலையில், ஒன்றன்பின் ஒன்றாக வந்த இரண்டு புயல்களின் மிச்சம் அதே மலையில் பெய்து, அதே ஆற்றில், அதே ஊரில் பெருவெள்ளம் வந்தது. 108 வருட இடைவெளியில் அதைப் பார்த்தவர்கள் யாரும் மிச்சமில்லை.

உங்கள் அப்பா பார்த்ததில்லை என்றால் அது அப்படியே உண்மை. ஆனால் ஒரு மலையின் கணக்கில் மூன்று தலைமுறை சின்னக் காலம்.

இன்னொன்று, புயல் வரலாறு என்று நாம் படிப்பதெல்லாம் யார் எழுதி வைத்தது என்று பாருங்கள். 1746 அக்டோபரில் சென்னைக் கடலில் லா பூர்தொனே என்கிற பிரெஞ்சுத் தளபதியின் கப்பல்களைப் புயல் நொறுக்கியது நமக்குத் தெரியும், ஏனென்றால் அது போர்க்கப்பல் கணக்கு. 1761 ஜனவரி முதல் நாள் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலேயக் கப்பல்கள் புயலில் சிக்கியதும் அப்படித்தான் தெரியும். 1864 அக்டோபரில் கல்கத்தாவில் சுமார் 60 ஆயிரம் பேரைப் புயல் கொன்றது, அடுத்த மாதமே மசூலிப்பட்டினத்தில் இன்னொன்று. அந்த அடியும் அதற்குப் பின் வந்த பஞ்சங்களும் சேர்ந்துதான் 1875-ல் இந்திய வானிலைத் துறை தொடங்கக் காரணம். புயல்களின் பாதையை வரிசையாக வரைந்து வைத்திருப்பது 1891-லிருந்து. துறைமுகமும் கப்பலும் இருந்த இடத்தில் ஏடு இருக்கிறது. புயல் உள்ளே வந்து, பெயர் இழந்து, வெறும் மழையாக மலையில் பெய்த கதையை எழுத ஆள் இல்லை. மலைக்கும் காட்டுக்கும் வரலாறு இல்லாமல் இல்லை, எழுதப்படவில்லை, அவ்வளவுதான்.

மழை ஏன் மலையில் அதிகம் என்றும் சொல்லிவிடுகிறேன். கிழக்கிலிருந்து வருகிற ஈரக்காற்று கல்வராயன், ஜவ்வாது, சேர்வராயன் மலைகளில் மோதினால் மேலே ஏறித்தான் ஆக வேண்டும், ஏறினால் குளிரும், குளிர்ந்த காற்றால் அவ்வளவு ஈரத்தைத் தாங்க முடியாது, நனைந்த துணியைப் பிழிந்த மாதிரி அங்கேயே இறக்கிவிடும். சேர்வராயன் கோயில் இருக்கிற உச்சி 1,623 மீட்டர். சேலம் நகரத்திலிருந்து பார்த்தால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் உயரமான சுவர் அது.

அப்புறம், மண் சரிவதற்கு மழை மட்டும் காரணமில்லை. வெட்டிய சரிவு, அடைபட்ட சிறுபாலம், மேலே கட்டடத்துக்காக வழித்த மண், இவை எல்லாம் இருக்கிற இடத்தில்தான் முதலில் சரியும். பெருமழைக்கு நடுவே தரையில் புதிதாக விரிசல் தெரிந்தாலோ, மரம் திடீரென்று ஒரு பக்கம் சாய்ந்தாலோ, ஊற்று கலங்கினாலோ, ஓடிக்கொண்டிருந்த ஓடை சட்டென்று நின்றாலோ, எதையும் எடுக்காமல் இடத்தைக் காலி செய்யுங்கள். குறிப்பாக லைன் வீடுகளில் இருக்கிற தொழிலாளர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சரிவுக்குக் கீழே இருப்பது அநேகமாக அவர்கள் வீடுதான்.

கேள்வி: பெரிய புயல் 12 வருஷத்துக்கு ஒருமுறை வரும் என்று எங்கள் தாத்தா சொல்வார். விஞ்ஞானம் இதை ஒப்புக்கொள்கிறதா?
– வாசகர், அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: இல்லை. புயலுக்கு அப்படி ஒரு தவணை கிடையாது.

நம் கரையையே பாருங்கள். 2016 டிசம்பரில் வர்தா, 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி, 2018 நவம்பரில் கஜா. மூன்று வருடம் அடுத்தடுத்து. இதற்கு நேர்மாறாக அமெரிக்காவில் 2005 அக்டோபரில் வில்மா கரையேறிய பிறகு 2017 ஆகஸ்டில் ஹார்வி வரும் வரை, கிட்டத்தட்ட 12 வருடம், மூன்றாம் வகை அல்லது அதற்கு மேற்பட்ட (பலத்தை ஒன்று முதல் ஐந்து வரை வகை பிரிக்கிறார்கள்) ஒரு ஹரிக்கேன்கூட அந்த நாட்டுக் கரையைத் தொடவில்லை. இதைக் கேட்டால் தாத்தா "நான் சொன்னேனே" என்பார். ஆனால் அதற்கு முந்தைய 2004-ல் ஃபுளோரிடாவை மட்டும் சுமார் ஆறு வாரத்தில் நான்கு ஹரிக்கேன்கள் அடித்தன. தற்செயலாக நடப்பவை சீராகப் பரவி நடக்காது. கொத்தாக வரும், பிறகு நீண்ட நாள் வராது. அந்த நீண்ட இடைவெளிதான் ஆபத்து, ஓடையில் வீடு கட்டுவது அப்போதுதான் நடக்கிறது.

தவணை இல்லை, ஆனால் ஒழுங்கு உண்டு. வங்கக் கடலில் புயலுக்கு இரண்டு பருவம், ஏப்ரல் கடைசி முதல் ஜூன் தொடக்கம் வரை ஒன்று, அக்டோபர் முதல் டிசம்பர் வரை இன்னொன்று, அதில் நவம்பர் உச்சம். நடுவில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது கீழே ஒரு திசையிலும் மேலே எதிர்த் திசையிலும் காற்று அடிப்பதால் புயல் எழுந்து நிற்க முடிவதில்லை. அட்லாண்டிக்கில் ஒரே பருவம்தான், ஜூன் முதல் நவம்பர் வரை, உச்சம் செப்டம்பர் 10-ஐ ஒட்டி. எல் நினோ வருடத்தில், அதாவது பசிபிக் கடலின் நடுவும் கிழக்கும் வழக்கத்தைவிடச் சூடாகிற வருடத்தில், அட்லாண்டிக்கில் மேல்காற்று கலைத்துவிடுவதால் ஹரிக்கேன்கள் குறையும். அதே எல் நினோ வருடத்தில் நமக்கு வடகிழக்குப் பருவமழை கூடுதலாகப் பெய்வதுதான் வழக்கம். 2015 சென்னை வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள், அது பலமான எல் நினோ ஆண்டு.

குறைவாகப் புயல் வருகிற வருடம் பாதுகாப்பான வருடம் என்றும் நினைக்க வேண்டாம். 1992-ல் அட்லாண்டிக் மிகவும் அமைதியாக இருந்தது. முதல் பெயர் வைத்த புயலே ஆகஸ்ட் நடுவில்தான் உருவானது. அதன் பெயர் ஆண்ட்ரூ, ஐந்தாம் வகை, தெற்கு ஃபுளோரிடாவைத் தரைமட்டமாக்கியது.

'நூறு வருடத்துக்கு ஒருமுறை வரும் வெள்ளம்' என்று அதிகாரிகள் சொல்வதும் தவணை அல்ல. ஒவ்வொரு வருடமும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்று அர்த்தம். கணக்குப் போட்டால், 30 வருட வீட்டுக்கடன் கட்டி முடிப்பதற்குள் அந்த வெள்ளத்தை ஒரு முறையாவது பார்ப்பதற்கு நூற்றுக்கு 26 வாய்ப்பு. மனை வாங்குகிறவர்கள் இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் உண்மையாகவே ஆசைப்படுகிறேன்.

கேள்வி: சித்திரை மாதம் ஒரு ராத்திரி சூறைக்காற்று அடித்து, தார் விட்டிருந்த வாழை அத்தனையும் சாய்ந்தது. பக்கத்துக் காட்டில் ஒரு இலைகூட அசையவில்லை. டொர்னாடோ என்கிறான் என் மகன். இருக்குமா?
– விவசாயி, பெத்தநாயக்கன்பாளையம்

பதில்: தார் விட்ட நேரத்தில் போனது என்றால் என்ன நஷ்டம் என்று புரிகிறது, மனது கஷ்டமாக இருக்கிறது.

டொர்னாடோவாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: மரம் எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது என்று பாருங்கள். எல்லாம் ஒரே பக்கமாகவோ, அல்லது ஒரு புள்ளியிலிருந்து நாலாபுறமும் விரிந்தோ விழுந்திருந்தால், அது இடிமேகத்திலிருந்து நேராகக் கீழே இறங்கிய காற்று. மழைநீர் ஆவியாகிக் குளிர்ந்த காற்று கனத்து, தொப்பென்று தரையில் விழுந்து, பக்கவாட்டில் பாய்கிறது. சில நிமிடம்தான், ஆனால் அரை கிலோமீட்டர் அகலத்தில் இருப்பதைப் படுக்கவைத்துவிடும். அதனால்தான் பக்கத்துக் காட்டில் இலை அசையவில்லை. டொர்னாடோவாக இருந்தால் மரங்கள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமாக, ஒரு நீண்ட ஒடுங்கிய பாதையில், நடுக்கோட்டை நோக்கித் திரும்பி விழுந்திருக்கும்.

இந்த வழியைச் சொல்லிக்கொடுத்தவர் ஜப்பானில் பிறந்து சிகாகோவில் வேலை பார்த்த தெட்சுயா ஃபுஜிதா. டொர்னாடோவின் வலுவை அது செய்த சேதத்தைக் கொண்டு 0 முதல் 5 வரை அளக்கும் முறையை 1971-ல் கொடுத்தவரும் அவரே. 1945-ல் அணுகுண்டு விழுந்த பிறகு நாகசாகியில் மரங்கள் மையத்திலிருந்து வெளிநோக்கி விழுந்திருந்ததைப் பார்த்தவர் அவர். அமெரிக்காவில் 1974 ஏப்ரல் 3, 4 தேதிகளில் 13 மாநிலங்களில் 148 டொர்னாடோக்கள் வந்தபோது சிறு விமானத்தில் ஏறிச் சேதத்தைப் பார்த்தார். சில காடுகளில் மரங்கள் சுழன்று விழாமல் நட்சத்திரம் மாதிரி விரிந்து கிடந்தன. அடுத்த வருடம் நியூயார்க்கில் தரையிறங்கும்போது ஒரு பயணிகள் விமானம் விழுந்து நொறுங்கியதும், இதே இறங்குகாற்றுதான் காரணம் என்று சொன்னார். பலர் முதலில் ஏற்கவில்லை. இன்று விமான நிலையங்களில் இதைக் கண்டுபிடிக்கவே தனி ரேடார் வைக்கிறார்கள்.

நம் பக்கம் டொர்னாடோ ஏன் அபூர்வம் என்றால், அதற்கு இடிமேகம் மட்டும் போதாது, மேலே போகப் போகக் காற்றின் திசையும் வேகமும் பலமாக மாற வேண்டும். அமெரிக்கச் சமவெளியில் மெக்சிகோ வளைகுடாவின் ஈரக்காற்றும், மேற்கே மலைப்பக்கத்து வறண்ட காற்றும், மேலே ஓடும் வேகக்காற்றும் சந்திக்கின்றன. அதனால் அந்த நாட்டில் வருடத்துக்கு ஏறத்தாழ 1,200 டொர்னாடோ. வங்காளத்திலும் சித்திரை, வைகாசியில் இதே சேர்க்கை அமையும். உலகத்தில் அதிக உயிர்களைக் கொன்ற டொர்னாடோ அமெரிக்காவில் வந்ததல்ல. 1989 ஏப்ரல் 26-ல் வங்கதேசத்தின் தவுலத்பூர், சாட்டூரியா பகுதியில் வந்து சுமார் 1,300 பேரைப் பலிகொண்டதுதான் அது. சேலத்துக் கோடையில் இடிமேகத்துக்குக் குறைவில்லை, மேலே அந்த வேகக்காற்று இல்லை.

அடுத்த முறை சாய்ந்த மரத்தை வெட்டி அப்புறப்படுத்துவதற்கு முன் நான்கு பக்கமும் நின்று போட்டோ எடுத்து வையுங்கள். வி.ஏ.ஓ.விடம் காட்டவும் உதவும். முட்டுக்கொடுத்த வாழை இந்தக் காற்றைக் கொஞ்சமாவது தாங்குகிறது. செலவுதான், ஆனால் தார் விட்ட வாழைக்காவது கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: டொர்னாடோ ஒருமுறை தாக்கிய ஊரை மறுபடி தாக்காது என்று யூடியூபில் சொன்னார்கள். சரியா சார்?
– ஒன்பதாம் வகுப்பு மாணவர், ஓமலூர்

பதில்: தப்பு தம்பி. அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்தில் கோடல் என்று ஒரு குட்டி ஊர். 1916 மே 20-ல் டொர்னாடோ வந்தது. 1917 மே 20-ல் வந்தது. 1918-லும் அதே மே 20-ல் வந்தது. ஒக்லஹோமாவில் மூர் என்கிற நகரத்தை 1999, 2003, 2013 மூன்று வருடமும் மே மாதத்தில் தாக்கியது. கோடலுக்கு நடந்தது தற்செயல்தான், மே 20-ல் எந்த மாயமும் இல்லை. ஆனால் அந்தப் பகுதியில் மே மாதம் டொர்னாடோவின் உச்சப் பருவம் என்பது தற்செயல் இல்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டால் பாதி அறிவியல் வந்துவிட்டது.

1925 மார்ச் 18-ல் வந்ததைப் பற்றியும் தேடிப் படி. மூன்று மாநிலங்களைக் கடந்து 350 கி.மீ.க்கு மேல் ஓடியது, 695 பேர் இறந்தார்கள். அந்தக் காலத்தில் டொர்னாடோ என்ற சொல்லையே முன்னறிவிப்பில் சொல்ல அனுமதி இல்லை, மக்கள் பீதியடைவார்கள் என்று அதிகாரிகள் பயந்தார்கள்.

கேள்வி: ஃபெஞ்சல், மிக்ஜாம், மாண்டஸ்... யார் வைக்கிறார்கள் இந்தப் பெயர்களை?
– வாசகி, ஆத்தூர்

பதில்: வட இந்தியப் பெருங்கடலைச் சுற்றியுள்ள 13 நாடுகள் ஆளுக்கு 13 பெயர் கொடுத்து, மொத்தம் 169 பெயர்கள் 2020-ல் வெளியான பட்டியலில் இருக்கின்றன. வரிசைப்படி டெல்லி வானிலை மையம் சூட்டும். ஃபெஞ்சல் சவுதி அரேபியா கொடுத்தது, மிக்ஜாம் மியான்மர், மாண்டஸ் ஐக்கிய அரபு அமீரகம். இங்கே பெயர் வைக்கத் தொடங்கியதே 2004-ல்தான். அதனால் 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை ரயிலோடு கொண்டுபோன புயலுக்குப் பெயரே கிடையாது.

கேள்வி: என் மகன் குடும்பத்தோடு ஹூஸ்டனில் இருக்கிறான். ஹரிக்கேன் பற்றிப் படித்ததிலிருந்து தூக்கம் வரவில்லை. நம்ம புயலும் அதுவும் ஒன்றா?
– வாசகி, ஃபேர்லேண்ட்ஸ், சேலம்

பதில்: இரண்டும் ஒன்றேதான் அம்மா, வேறு கடல், வேறு பெயர். தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், சில விஷயங்களை மகனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஹூஸ்டனுக்கு ஒரு மணி நேரப் பயணத்தில் கால்வெஸ்டன் என்று ஒரு தீவு நகரம். 1900 செப்டம்பர் 8-ல் அங்கே கடல் ஏறி சுமார் 8 ஆயிரம் பேர் இறந்தார்கள், அமெரிக்க வரலாற்றில் இயற்கைப் பேரிடரில் இவ்வளவு பேர் வேறெப்போதும் இறந்ததில்லை. அதன் பிறகு கடல்சுவர் கட்டி, நகரத்தின் தரையையே மண் கொட்டி உயர்த்தினார்கள். ஆனால் 2017-ல் ஹூஸ்டனை மூழ்கடித்தது கடல் அல்ல, மழை. ஹார்வி கரையேறியதும் நகராமல் அதே இடத்தில் சுற்றிச் சுற்றி நின்றது, டெக்சாஸில் ஒரு இடத்தில் மொத்தம் 150 செ.மீ.க்கு மேல் பெய்தது. நம் ஃபெஞ்சலும் நின்றதால்தான் கொட்டியது என்று மேலே எழுதியிருக்கிறேன், நினைவிருக்கட்டும். வேகமாகப் போகும் புயலைவிட நிற்கிற புயல் மழைக்குப் பொல்லாதது.

வீடு வெள்ளப் பகுதியில் இருக்கிறதா, வெள்ளக் காப்பீடு தனியாக எடுத்திருக்கிறானா (அங்கே சாதாரண வீட்டுக் காப்பீட்டில் வெள்ளம் சேராது), வெளியேறச் சொன்னால் எந்த வழி, இந்த மூன்றையும் கேளுங்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் இன்னொரு முறை கேளுங்கள்.

கேள்வி: புவி வெப்பமடைவதால் புயல்கள் அதிகமாகிவிட்டனவா? ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.
– கல்லூரி மாணவி, சேலம்

பதில்: எண்ணிக்கை பெரிதாகக் கூடியதாகத் தெரியவில்லை. பலமான புயல்களின் பங்கு கூடுகிறது, மழை கூடுகிறது. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும், அதனால் நம்மைப் போல மழையால் அடிபடுகிற ஊர்களுக்கு இதுதான் முக்கியமான எண். அரபிக் கடலிலும் மாற்றம் தெரிகிறது. வழக்கமாக வங்கக் கடலில் நான்கு புயல் வந்தால் அங்கே ஒன்றுதான் வரும். 2019-ல் அந்த ஒரே வருடத்தில் அரபிக் கடலில் ஐந்து.

பழைய எண்ணிக்கையோடு ஒப்பிடும்போது மட்டும் கவனமாக இருக்க வேண்டும். வானிலைச் செயற்கைக்கோள் வந்தது 1960-ல். அதற்கு முன்பு நடுக்கடலில் கப்பல் எதுவும் இல்லாத இடத்தில் பிறந்து மடிந்த புயல்கள் கணக்கிலேயே இல்லை. டொர்னாடோவும் அப்படித்தான், இப்போது எல்லோர் கையிலும் கேமரா, சின்னதுகூடப் பதிவாகிவிடுகிறது. பலமான டொர்னாடோக்கள் கூடியதற்குத் தெளிவான சான்று இல்லை, ஆனால் சமவெளியில் குறைந்து கிழக்கே டென்னசி, மிசிசிப்பி பக்கம் அதிகமாவது தெரிகிறது. செயற்கைக்கோளுக்கும் முந்தைய காலத்தைப் பார்க்க கடலோர ஏரிகளின் அடிச்சேற்றைக் குழாய் விட்டு எடுக்கிறார்கள். பெரும்புயல் வந்த வருடம் கடல் மணல் ஏரிக்குள் விழுந்து ஒரு அடுக்காகப் படிந்திருக்கும், அந்த அடுக்குகளை எண்ணி ஆயிரம் வருடக் கணக்கு எடுக்க முடிகிறது.

ஒன்று மட்டும் சந்தேகமே இல்லாமல் குறைந்திருக்கிறது, சாவு. 1970 நவம்பரில் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில் போலா புயலில் குறைந்தது மூன்று லட்சம் பேர் இறந்தார்கள். ஒடிசாவில் 1999 அக்டோபர் பெரும்புயலில் சுமார் 10 ஆயிரம் பேர். அதே ஒடிசாவில் 2013-ல் பைலின் வந்தபோது ஏறக்குறைய பத்து லட்சம் பேரை முன்கூட்டியே இடம் மாற்றினார்கள், இறந்தவர்கள் ஐம்பதுக்குள். காற்று குறைந்ததால் அல்ல, ஆட்கள் வீடு வீடாகப் போய்ச் சொன்னதால், போய்த் தங்க இடம் கட்டியிருந்ததால். மலைச்சரிவுக்கு இதே மாதிரி ஏற்பாடு நம் மாவட்டங்களில் ஊர் ஊராக வர வேண்டும் என்று நான் விடாமல் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

கேள்வி: பஞ்சாங்கத்தில் போட்டிருக்கும் புயல் தேதியை நம்பலாமா?
– வாசகர், வாழப்பாடி

பதில்: தேதியை நம்ப வேண்டாம். 'ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை' என்று பெரியவர்கள் சொன்ன பருவத்தை நம்பலாம், அது பல நூறு வருடம் பார்த்துச் சொன்னது.

கேள்வி: எங்கள் எஸ்டேட்டில் தாத்தா காலத்து மழை நோட்டு இருக்கிறது. பூ மழை (காப்பி பூக்க வைக்கிற மழை) எப்போது வந்தது, எத்தனை இஞ்ச் என்றெல்லாம் எழுதியிருக்கிறார். இதனால் யாருக்காவது பயன் உண்டா? நானும் எழுத ஆசை, எப்படி எழுதுவது?
– வாசகி, ஏற்காடு

பதில்: தயவுசெய்து அதைப் பத்திரமாக வையுங்கள். நாகலூர் வாசகருக்குச் சொன்னேனே, மலைக்கு ஏடு இல்லை என்று, நீங்கள் வைத்திருப்பது அந்த ஏட்டில் சில பக்கம். காப்பிக்காரர்கள் பூ மழைக்காக எழுதிய நோட்டில் நவம்பர், டிசம்பர் பக்கங்களும் இருக்கும், அங்கேதான் பழைய புயல்களின் மிச்சம் கிடக்கும். 1964, 1977, 2008 போன்ற வருடங்களின் அந்த மாதங்களை முதலில் புரட்டிப் பாருங்கள். கரையில் புயல் அடித்த நாளுக்கு ஓரிரு நாள் பின்பு பெரிய எண் ஏதும் இருக்கிறதா என்று தேடுங்கள். ஒவ்வொரு பக்கமாக போட்டோ எடுத்து இரண்டு மூன்று இடத்தில் சேமியுங்கள், கரையான் காத்திருக்காது. மை மங்கிய பக்கங்களை மட்டும் பென்சிலில் வேறு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், பழைய நோட்டின் மேலேயே எழுத வேண்டாம்.

நீங்கள் எழுதுவதாக இருந்தால் தினமும் காலை 8.30 மணிக்கு அளவெடுங்கள், வானிலைத் துறையின் நேரம் அது, அப்போதுதான் உங்கள் எண்ணை மற்ற இடங்களோடு ஒப்பிட முடியும். மழைமானியை மரத்தடியிலும் கூரை ஓரத்திலும் வைக்காதீர்கள். சில்வர் ஓக் நிழல் இல்லாத வெளி உங்கள் தோட்டத்தில் கிடைப்பது கஷ்டம்தான், காப்பி உலர்த்துகிற களத்தின் ஓரம் சரியாக இருக்கும். மழை இல்லாத நாளில் 0 என்று எழுத வேண்டும், காலியாக விட்டால் மழை இல்லையா, ஆள் இல்லையா என்று பின்னால் வருகிறவருக்குத் தெரியாது. தாத்தா இஞ்சில் எழுதியிருப்பார், 25.4-ஆல் பெருக்கினால் மில்லிமீட்டர். எண்ணுக்குப் பக்கத்தில் இரண்டு சொல் சேர்த்துக்கொள்ளுங்கள்: காற்று எந்தப் பக்கத்திலிருந்து, எங்கேயாவது மண் சரிந்ததா, எந்தக் கொண்டை ஊசி வளைவில். பெருமழை நாளில் மானி நிரம்பி வழிந்துவிட்டால் 'நிரம்பி வழிந்தது' என்றே எழுதுங்கள், ஊகித்து எண் போட வேண்டாம்.

ஏற்காட்டிலும் கீழே குப்பனூர் பக்கமும் இந்த மாதிரி நோட்டு வேறு யாரிடமாவது இருந்தால் எனக்கு எழுதுங்கள். 1964 டிசம்பர் கடைசி வாரத்துப் பக்கம் கிடைத்தால் அதை முதலில் அனுப்புங்கள்.